கோணித் தெருவில் ஒரு நீலக்கோடு

வெண்கோட்டு நாட்டின் அரசாண்டு நாற்பத்தொன்று, வைகாசி மாதம் ஒன்பதாம் நாள், தலைநகரான பொழிலூரில், நகரமைப்பு மாளிகையின் கிழக்குச் சுவரில், நகரின் அடுத்த இருபது ஆண்டுகளுக்கான வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டப்பட்டது. வரைபடத்தின் நீளம் ஆறு முழம், அகலம் நான்கு முழம். வலது கீழ்மூலையில் மாமன்னரின் திருவுருவம் ஒரு முழ உயரத்தில் தீட்டப்பட்டிருந்தது.

அந்த நாட்டில் ஒரு பழைய சட்டம் உண்டு. மன்னரின் பாட்டனார் காலத்தில் இயற்றப்பட்டது. "மக்களைக் கேளாமல் நகரில் ஒரு கல்லும் நகராது" என்பது அதன் முழு வாசகம். பாட்டனார் ஏன் அப்படியொரு சட்டம் போட்டார் என்பது பற்றி இரண்டு கருத்துகள் இருக்கின்றன. அவர் நல்லவர் என்பது ஒன்று. அவர் காலத்தில் நகரில் கட்டுவதற்கு எதுவுமில்லை என்பது மற்றது. எப்படியானாலும் பின்னால் வந்த எந்த ஆட்சியும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. வாசகத்தைக் கல்லில் செதுக்கி மாளிகை வாசலில் வைத்திருந்தார்கள். ஆண்டுக்கொரு முறை அதற்கு மாலை சூட்டுவார்கள். கற்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. மக்களும் கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வரைபடத்தில் நிறம்தான் எல்லாம். மஞ்சள் என்றால் வீடு. சிவப்பு என்றால் கடை. பச்சை என்றால் தோட்டம். நீலம் என்றால் நீர்நிலை. மஞ்சளில் கடை வைக்க முடியாது. பச்சையில் வீடு கட்ட முடியாது. நீலத்தில் ஒரு முளைக்குச்சிகூட அடிக்க முடியாது. அடித்தால் பிடுங்கி எறிவார்கள். ஆகவே பொழிலூரில் ஒருவருடைய நிலம் எங்கே இருக்கிறது என்பதைவிட, அது என்ன நிறத்தில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

மன்னரின் உருவம் வலது கீழ்மூலைக்கு வந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. வரைபடத்தை வரைந்தவர் மாசிலாமணி என்ற வரைஞர். முப்பத்தொரு ஆண்டுகள் பணியில் இருந்தவர். தெருத்தெருவாக நடந்து, சங்கிலி பிடித்து அளந்து வரைந்தார். ஒட்டுவதற்கு மூன்று நாள் முன்பு நகரமைப்பு அமைச்சர் பராங்குசர் பார்வையிட வந்தார்.

"மன்னர் எங்கே?" என்றார் அமைச்சர்.

"இன்று வருவதாகத் தகவல் இல்லையே, அமைச்சரே" என்றார் மாசிலாமணி.

"வரைபடத்தில் எங்கே என்று கேட்கிறேன்."

வரைபடத்தில் மன்னர் இல்லை. உடனே ஆலோசனை நடந்தது. மன்னரின் அதிகாரபூர்வ உருவம் இடப்பக்கம் நோக்கிப் பார்ப்பது. அதை இடது ஓரத்தில் வைத்தால் மன்னர் நகருக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஆகவே வலது ஓரம். வலது மேல்மூலையில் சுடுகாடு. வலது நடுவில் குப்பைமேடு. வலது கீழ்மூலையில் என்ன இருக்கிறது என்று அமைச்சர் கேட்டார்.

"ஒரு ஓடையும் ஒரு தெருவும்" என்றார் மாசிலாமணி.

"பெரிய தெருவா?"

"முப்பத்தெட்டு வீடு."

"அங்கே வையுங்கள். அவர்களுக்குப் பெருமை."

மன்னர் உருவம் உள்ள வரைபடப் படி ஒன்று வந்துவிட்டால், உருவம் இல்லாத படியை வைத்திருப்பது மரியாதைக் குறைவு. எனவே மூலப்படியை அழித்துவிட்டதாக மாசிலாமணியிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிறகு நிலப்பிரிவு எழுத்தர்கள் புதிய படியைப் பார்த்து ஒவ்வொரு இடத்தையும் பேரேட்டில் பதிந்தார்கள். மன்னரின் உருவத்துக்குக் கீழே மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. அந்தப் பகுதியை 'வகைப்படுத்தப்படாத வெற்றிடம்' என்று பதிந்தார்கள். வெற்றிடத்தை முதலில் விண்ணப்பிப்பவருக்குக் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. ஒரு வணிகக் குழுமம் அங்கே ஏழடுக்குப் பேரங்காடி கட்ட விண்ணப்பித்தது. விண்ணப்பத்தின் தேதி வைகாசி எட்டு. வரைபடம் ஒட்டப்பட்டது வைகாசி ஒன்பது. வணிகர்களின் முன்யோசனையை அமைச்சர் பின்னர் ஒரு கூட்டத்தில் பாராட்டிப் பேசினார்.

அந்தத் தெருவின் பெயர் கோணித் தெரு. அங்கே எல்லா வீடுகளிலும் சாக்கு தைப்பார்கள். தெருவுக்குப் பின்னால் ஓடுவது நண்டோடை. ஐப்பசியில் பெரிய ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் உபரி நீரெல்லாம் நண்டோடையில் இறங்கிக் கடலுக்குப் போகும். கடைசி வீட்டுக்காரி பவளக்கொடி. அவளுடைய கொல்லைக் கதவிலிருந்து ஓடைக்குப் பதினொரு படிகள். எந்த ஐப்பசியில் தண்ணீர் எத்தனையாவது படிவரை ஏறியது என்று அவளுக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்பு மேலிருந்து இரண்டாம் படிவரை ஏறி, அங்கேயே ஒரு பகல் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

வரைபடம் ஒட்டிய மறுநாள் அவளும், பக்கத்து வீட்டுக் கைவண்டிக்காரன் இருளாண்டியும் பார்க்கப் போனார்கள்.

"அண்ணே, நம்ம தெரு எங்க இருக்கு?"

"இரு, வர்றேன். இது அம்மன் கோயிலு. அதுக்குத் தெக்கால உப்புக்கடை முக்கு. அங்கேர்ந்து சோத்துக்கைப் பக்கம் திரும்பினா…" இருளாண்டியின் விரல் நின்றது. "மீசை."

"என்ன மீசை?"

"மகாராசா மீசை. நம்ம தெரு அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. உன் வீடு மேலுதட்டுப் பக்கம் வரும்னு நெனைக்கிறேன்."

"வெளையாடாதீங்க. ஓடை எங்க?"

"தாடை வழியா எறங்கிச் சட்டைப் பித்தானுக்குள்ள போயிடுச்சு."

"விரலை எடு!" என்று காவலர் ஒருவர் ஓடி வந்தார். "மன்னர் மூக்கிலே விரல் வைக்கிறாயா?"

"மூக்கு இல்லீங்க, அது உப்புக்கடைத் தெரு" என்றான் இருளாண்டி.

பவளக்கொடி சிரிக்கவில்லை. ஏழடுக்குப் பேரங்காடி வரப்போவதை அவள் உப்புக்கடையிலேயே கேட்டிருந்தாள். வெற்றிடம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது இப்போதுதான் புரிந்தது. ஓடையை மண் போட்டு மூடினால் ஏரித் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. ஒரே வழி அவள் வீட்டு வாசல்.

அன்றே அவள் மனு எழுதினாள். "மகாராசா படத்துக்குக் கீழே நண்டோடை இருக்கிறது. அதை மறைக்காமல் நீலக்கோடு போட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் எங்கள் தெரு முழுகிவிடும்."

மனுக்களைப் பெறும் ஆணையர் ஏகாம்பரனார் அதை மூன்று முறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானுங்களே எழுதினேன்."

"மன்னரின் திருமுகத்துக்குக் கீழே சாக்கடை ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள்."

"சாக்கடை இல்லீங்கய்யா, ஓடை. மழைக்காலத்துல மீனெல்லாம் வரும்."

"திருமுகத்துக்குக் கீழே மீன்" என்றார் ஆணையர் மெதுவாக. "நான் உங்களுக்கு நல்லது செய்ய நினைக்கிறேன். இதை இப்படியே பதிந்தால் முதலில் உங்களைப் பிடிப்பார்கள். பிறகு பதிந்த என்னைப் பிடிப்பார்கள். மேலும், இதற்கென்று படிவம் இருக்கிறது."

படிவத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. இப்போது அந்த இடம் என்ன நிறம்? அதை என்ன நிறமாக மாற்ற வேண்டும்?

"இப்ப அந்த எடம் மகாராசா கன்னம். ரோசாப்பூ நிறமா இருக்கு" என்றாள் பவளக்கொடி.

"அதை?"

"நீலமா மாத்தணும்."

ஆணையர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "மன்னரின் கன்னம் நீலம் பாரிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்."

"ஐயோ சாமி, நான் அப்படியா சொன்னேன்?"

"படிவம் அப்படித்தான் சொல்லும். இருங்கள், நானே திருத்தித் தருகிறேன்."

அவர் ஒரு மணி நேரம் திருத்தினார். 'மகாராசா படத்துக்குக் கீழே' என்பதை முதலில் அடித்தார். 'நண்டோடை' என்பதை அடித்தார். வரைபடத்தில் இல்லாத ஒன்றின் பெயரை மனுவில் எழுத விதியில்லை. 'மறைக்காமல்' என்பதை அடித்தார். அரசு எதையும் மறைப்பதில்லை. 'முழுகிவிடும்' என்பதையும் அடித்தார், அது வதந்தி. மிச்சமிருந்த சொற்களைச் சேர்த்து ஒரு வரி எழுதிப் படித்துக் காட்டினார்: "கோணித் தெருவில் நீலக்கோடு வரைந்து தருமாறு வேண்டுகிறேன்."

பவளக்கொடி யோசித்தாள். "தெருவுல இல்லீங்கய்யா. தெருவுக்குப் பின்னாடி."

"பின்னால் என்று எழுதினால், பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பின்னால் மன்னர் இருக்கிறார்."

"பக்கத்துலன்னு போடுங்க."

"பக்கத்திலும் மன்னர்தான். நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்? ஓடை எங்கே இருக்கிறது என்று வரைகிறவருக்குத் தெரியாதா?"

வரைஞர் மாசிலாமணி அவளுடைய கொல்லைப் படிகளில் நின்று சங்கிலி பிடித்தது பவளக்கொடிக்கு நினைவிருந்தது. இரண்டு செம்பு மோர் குடித்தவர். அவருக்குத் தெரியாமலா போகும்? கையெழுத்துப் போட்டாள். ஆணையர் அதன் தலையில் முத்திரை குத்தினார். மனு எண் 1.

ஒருத்தி மனு கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்ற செய்தி நகரில் பரவியது. மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்தது. மந்தைவெளி சிவப்பாகிவிட்டது, பள்ளிக்கூடத்தின் பாதி பச்சையாகிவிட்டது, ஒருவருடைய சமையலறை மட்டும் நெடுஞ்சாலையாகிவிட்டது. வைகாசி முடிவதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் சேர்ந்தன.

அமைச்சர் பராங்குசர் அவைப்புலவரை அழைத்தார். "சட்டம் மக்களைக் கேட்கச் சொல்கிறது. கேட்பது என்றால் என்ன?"

புலவர் கண்களை மூடிக்கொண்டார். "கேட்டல் செவியின் தொழில், அமைச்சரே. படித்தல் கண்ணின் தொழில். பதில் சொல்லுதல் வாயின் தொழில். செய்தல் கையின் தொழில். சட்டம் செவியை மட்டுமே பணித்திருக்கிறது. கண், வாய், கை ஆகியவற்றை அது குறிப்பிடவே இல்லை."

அமைச்சர் அவருக்கு ஒரு மோதிரம் கொடுத்தார். ஆனி முதல் நாள் ஆணை வெளிவந்தது. எழுத்து மனுக்களைப் படிப்பது சட்டத்துக்குப் புறம்பானது. இதுவரை வந்தவை கட்டிப் பரணில் வைக்கப்படும். இனி மக்களின் கருத்து செவியால் மட்டுமே கேட்கப்படும். அதற்கென ஏழு கேட்பு அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஏழு பேருக்கும் காது நன்றாக இருப்பதாக அரண்மனை மருத்துவர் சான்று கொடுத்தார்.

முதல் கருத்துக் கேட்புக் கூட்டம் ஆனி பன்னிரண்டாம் நாள், பொழுது சாயும் நேரத்தில், பெரிய ஏரிக்கரை மைதானத்தில் நடந்தது. மேடையில் ஏழு அலுவலர்களும் அமைச்சரும். மேடைக்கு வலை கட்டியிருந்தது. கீழே மக்கள். ஏரிக்கரையில் அந்த நேரத்தில் கொசு எப்படி இருக்கும் என்பது பொழிலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பவளக்கொடி எழுந்தாள். "அய்யா, நான் கோணித் தெரு. நான் ஒண்ணும் பெருசா கேக்கலை. ஒரு கோடு. ஒரு மொழ நீளம் இருக்குமா? நீல மை இல்லேன்னா நானே வாங்கித் தர்றேன். ஓடை இருக்குன்னு ஒரு கோடு போட்டுட்டீங்கன்னா அங்க யாரும் மண்ணைக் கொட்ட மாட்டாங்க. கோடு போடலேன்னா, ஐப்பசியில நானும் எம்புள்ளைங்களும் பரண்லதான் குடியிருக்கணும். தண்ணிக்கு வரைபடம் படிக்கத் தெரியாதுங்கய்யா."

கூட்டத்தில் பட்பட்டென்று சத்தம் எழுந்தது.

"கேட்டோம்" என்றார் அமைச்சர். "அடுத்தவர்."

"கேட்டீங்க, சரி. என்ன செய்யப் போறீங்க?"

"அம்மா, இது கேட்புக் கூட்டம். செய்கைக் கூட்டம் அல்ல."

"அப்ப அந்தக் கூட்டம் எப்பங்க?"

"அதற்குச் சட்டம் இல்லை."

மறுநாள் கூட்டக் குறிப்பு வெளியானது. "திட்டத்தின் மீது அறுபத்திரண்டு பேர் பேசினர். அனைத்தும் கேட்கப்பட்டன. கூட்டம் நெடுகிலும் மக்கள் இடையறாது கரவொலி எழுப்பித் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தனர்."

"கொசு அடிச்சதையாடா கணக்கு வெச்சிருக்கானுங்க!" என்றான் இருளாண்டி.

இரண்டாம் கூட்டத்துக்கு மக்கள் முன்னேற்பாட்டோடு வந்தார்கள். கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எவ்வளவு கடித்தாலும் அடிப்பதில்லை என்று உட்கார்ந்தார்கள். பேசப் போனவர்களும் கையைக் கட்டிக்கொண்டே பேசினார்கள். முகம் தடித்து வீடு திரும்பினார்கள். குறிப்பு சொன்னது: "மக்கள் கைகட்டி, மிக்க பணிவுடன் திட்டத்தை ஏற்றனர்."

மூன்றாம் கூட்டத்தில் பொறுமை இழந்து எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். "வேண்டாம், வேண்டாம்" என்ற கூச்சல் அரண்மனை வரை கேட்டது என்கிறார்கள். குறிப்பு சொன்னது: "மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர். ஒரே நேரத்தில் பலரும் பேசியதால் சொற்கள் பிரித்தறியக் கூடவில்லை. உணர்ச்சி தெளிவாக இருந்தது." இனிக் கூட்டம் கூட்டினால் மக்களின் தொண்டை கெடும் என்று கருதி, அவர்களின் உடல்நலம் நாடி, கேட்புப் பணி நிறைவுற்றதாக அறிவித்தார்கள்.

பவளக்கொடி கடைசியாக ஒரு முயற்சி செய்தாள். வரைஞர் மாசிலாமணியின் வீட்டுக்குப் போனாள்.

"நீங்க அளந்ததுதானுங்களே. எம்பொறவாசல்ல நின்னு மோர் குடிச்சீங்க. ஓடை இருந்ததா, இல்லையா?"

"இருந்ததும்மா."

"அதை யாருகிட்டயாவது சொல்லுங்களேன்."

மாசிலாமணி தன் விரல்களைப் பார்த்தார். விரல்நுனிகளில் நான்கு நிறமும் ஏறியிருந்தது. "மூலப்படியை அழித்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஓடை இருந்தது என்று சொன்னால், எந்தப் படியைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது."

ஆவணி மூன்றாம் நாள் திட்டம் அரசிதழில் வெளியானது. அதே வாரம் நண்டோடையில் மண் கொட்டத் தொடங்கினார்கள். ஓடைக்கரை சரியாமலிருக்க மண்ணைச் சாக்கில் கட்டி அடுக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் ஆறாயிரம் சாக்குக்கு ஆள் தேடினார். பொழிலூரில் அவ்வளவு சாக்கை அவ்வளவு விரைவில் தைக்கக்கூடியவர்கள் ஒரு தெருவில்தான் இருந்தார்கள். கோணித் தெருவில் அன்று சண்டை நடந்தது. தைக்கக் கூடாது என்று பாதிப் பேர், நாம் தைக்காவிட்டால் வெளியூரிலிருந்து வாங்குவான் என்று பாதிப் பேர். கடைசியில் தைத்தார்கள். பவளக்கொடியும் தைத்தாள்.

"நல்லா இழுத்துத் தையி, தங்கச்சி" என்றான் இருளாண்டி. "தண்ணி ஒரு சொட்டு ஒழுகக் கூடாது பாரு."

"வாயை மூடுங்கண்ணே" என்றாள் அவள்.

புரட்டாசியில் ஓடை இருந்த இடம் மேடாயிற்று. ஐப்பசி பதினான்காம் நாள் பெரிய ஏரி நிரம்பியது. பதினைந்தாம் நாள் காலை கலங்கலைத் தாண்டி வந்த நீர், வழக்கமான வழியில் வந்து பார்த்தது. மண்மூட்டைச் சுவர் உறுதியாக நின்றது. கோணித் தெருவின் தையலைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. நீர் இடப்பக்கம் திரும்பிக் கோணித் தெருவுக்குள் நுழைந்து, தெரு முழுவதையும் நிறைத்துக்கொண்டு நேராகக் கடலை நோக்கிப் போனது. முப்பத்தெட்டு வீடுகளிலும் இடுப்பளவு தண்ணீர். பதினொரு நாட்கள் நின்றது. தைத்து வைத்த சாக்குகளோடு பவளக்கொடியின் இரண்டு பிள்ளைகளும் பரணில் இருந்தார்கள். இருளாண்டியின் கைவண்டி கடலுக்குப் போய்விட்டது.

எட்டாம் நாள் மாமன்னர் படகில் வந்தார். நாற்பத்தோராண்டு ஆட்சியில் அவர் அந்தப் பக்கம் வந்தது அதுவே முதல் முறை. பரணிலிருந்தும் கூரையிலிருந்தும் மக்கள் கைகூப்பினார்கள். மன்னர் தெருவின் நடுவே படகை நிறுத்தச் சொன்னார். இரு பக்கமும் பார்த்தார். குனிந்து நீரோட்டத்தைக் கவனித்தார். அமைச்சரின் பக்கம் திரும்பினார்.

"இங்கே இவ்வளவு நல்ல ஓடை ஒன்று ஓடுகிறதே. வரைபடத்தில் நான் இதைப் பார்த்ததில்லையே?"

அமைச்சர் தானும் குனிந்து நீரோட்டத்தைக் கவனித்தார்.

"ஓடையை ஏன் வரையவில்லை? மக்களைக் கேட்டீர்களா?"

"கேட்டோம், மன்னவா!" என்றார் அமைச்சர். "மூன்று முறை கேட்டோம்."

"ஒருவர்கூடச் சொல்லவில்லையா?"

கூரைமேலிருந்து பவளக்கொடி கத்தினாள். "நான் சொன்னேன் மகாராசா! முதல் ஆளா எழுதிக் கொடுத்தேன்! நீலக்கோடு போடுங்கன்னு அன்னைக்கே கேட்டேன்!"

மன்னர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த அம்மாள் கேட்டபடி உடனே செய்யுங்கள்" என்றார்.

கோணித் தெரு முழுவதும் வாழ்த்தொலி எழுந்தது. அன்று தண்ணீருக்குள் நின்றபடி சிலர் அழுதார்கள். மன்னர் கேட்டுவிட்டார் என்று இருளாண்டிகூடச் சொன்னான்.

ஆணையர் ஏகாம்பரனார் பரண்மேல் ஏறி, கட்டை அவிழ்த்து, மனு எண் ஒன்றை எடுத்தார். அதில் இருந்தது ஒரே வரி. கோணித் தெருவில் நீலக்கோடு. வரைஞர் மாசிலாமணி அழைக்கப்பட்டார். மனுவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்த அமைச்சர், "எழுதியிருக்கிறபடி வரையுங்கள். மன்னர் ஆணை" என்றார். ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது. மாசிலாமணி தூரிகையை நீலத்தில் தோய்த்து, உப்புக்கடை முக்கிலிருந்து கடல் வரை, தெருவின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோடு நேர்த்தியாக இருந்தது.

கார்த்திகை ஏழாம் நாள் கோணித் தெருவின் முப்பத்தெட்டு வீடுகளிலும் அறிவிப்பு ஒட்டப்பட்டது. நீலம் என்பது நீர்நிலை. நீர்நிலையில் கட்டடம் இருப்பது ஆக்கிரமிப்பு. பதினைந்து நாட்களுக்குள் அகற்றிக்கொள்ள வேண்டும்.

பவளக்கொடி அறிவிப்பைப் பிய்த்துக்கொண்டு ஆணையரிடம் போனாள்.

"இது நான் கேட்டது இல்லீங்க!"

ஆணையர் மனுவை எடுத்துக் காட்டினார். "கையெழுத்து உங்களுடையதுதானே?"

"நான் ஓடையைக் கேட்டேன்!"

"ஓடை என்ற சொல் இதில் இல்லையே, அம்மா." ஆணையரின் குரல் கனிவாகத்தான் இருந்தது. "உங்களுக்குத் தெரியுமா? நான் பணிக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள். இதுவரை ஒரு மனுகூட ஏற்கப்பட்டதில்லை. உங்களுடையதுதான் முதல் மனு. அமைச்சர் உங்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்கிறார்."

கார்த்திகை இருபத்திரண்டாம் நாள் முப்பத்தெட்டு வீடுகளும் இடிக்கப்பட்டன. பொன்னாடை விழா அதற்கு முந்தைய நாள் நடந்தது. பவளக்கொடி வரவில்லை, பொன்னாடை நாற்காலிக்குப் போர்த்தப்பட்டது. வீடிழந்தவர்களுக்கு நகரின் தென்புறத்தில், முந்திரிக்காட்டுக்குப் பக்கத்தில், மனைகள் ஒதுக்கப்பட்டன. பேரங்காடி கட்டப்படும் இடம் சிவப்பு நிறம் பெற்றது.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியது. நீலக்கோடு வந்துவிட்டதால் மன்னரின் திருவுருவம் நீருக்குள் நிற்பதுபோல் ஆகிவிட்டது. அது முறையல்ல என்று அவைப்புலவர் சொன்னார். உருவம் ஒரு முழம் மேற்கே நகர்த்தப்பட்டது.

திருத்திய வரைபடம் தை மூன்றாம் நாள் நகரமைப்பு மாளிகையின் கிழக்குச் சுவரில் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டப்பட்டது. முந்திரிக்காடு மன்னரின் தோளுக்குக் கீழே இருக்கிறது. பவளக்கொடிக்கு ஒதுக்கப்பட்ட மனை, அளவுப்படி, மன்னரின் இடது காதுக்குள் வருகிறது. கருத்துத் தெரிவிக்கக் கடைசி நாள் மாசி நான்கு.